கம்பளத்துக்கு அடியில் வெயில்

என் வீட்டுக்காரருக்குக் குழாயைத் தொட்டால் கை சுட வேண்டும். சுடாவிட்டால் அதில் சூடே இல்லை என்பார். வெயிலின் வெப்பத்தை வைத்து வீடுகளைக் கதகதப்பாக்கித் தருவதுதான் என் தொழில் என்பது அந்த மேதாவியின் மண்டையில் ஏறவே இல்லை.

அம்மாவின் அறைக்கு நானே திட்டம் போட்டேன். மாடியில் வெயிலில் தண்ணீரைச் சுடவைக்கும் தகடுகள், படிக்கட்டுக்கு அடியில் தொட்டி, தரை டைல்ஸுக்குக் கீழே நெருக்கி நெருக்கி வளைத்த குழாய்கள். அப்படி நெருக்கினால் வெதுவெதுப்பான தண்ணீரே போதும். குளிர்கால வெயிலால் அவ்வளவுதான் முடியும். அறை குளிர்கிறது என்று சொல்லி அம்மாவைத் தன்னோடு அழைத்துப்போகத் தம்பி துடித்துக்கொண்டிருந்தான். அவளை அனுப்ப எனக்கு மனசே இல்லை.

வேலை முடிந்த வாரமே அறை சில்லிட்டது. போய்ப் பார்த்தால் தரை முழுக்கக் கனமான கம்பளம்!

"சூடு வீணாப் போகக் கூடாதுல்ல, அதான் மூடி வெச்சேன்" என்றார் என் வீட்டுக்காரர் பெருமையாக.

"தரைதாங்க அடுப்பே! அதுக்குப் போர்வையைப் போத்திட்டு எங்க குளிர்காயப் போறீங்க?"

அதோடு விட்டாரா? வெயில் இல்லாத நாளுக்கென்று தொட்டியில் வைத்திருந்த மின்சார ஹீட்டரை உச்சத்துக்குத் திருகியிருந்தார். விடிவதற்குள் தொட்டி கொதித்துவிட்டது. வெயில் வந்தபோது மாடிச் சூட்டை வாங்கிக்கொள்ளத் தொட்டியில் இடமில்லை. மாடிச் சூட்டைக் கீழே கொண்டுவரும் பம்ப் ஓடாமல் கிடந்தது. சூரியனுக்கே லீவு கொடுத்துவிட்டார் மனுஷர்.

"மண்டையில என்ன களிமண்ணா? உங்களைக் கட்டிக்கிட்டு நான் படுற பாடு இருக்கே!"

அம்மாவை வைத்துக்கொண்டே பொரிந்து தள்ளினேன். அவர் கம்பளத்தைச் சுருட்டினார். நான் ஹீட்டரைக் குறைத்தேன்.

மறுநாள் மத்தியானம் பம்ப் ஓடியது. அம்மா வெறுங்காலோடு அறையில் நின்றாள். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

"எப்படிம்மா?"

"காலுக்கு இதமா இருக்குடி" என்றபடி பெட்டியில் துணியை அடுக்கினாள். "உன் தம்பியை வரச் சொல்லிட்டேன்."

"அதான் குளிரு போயிடுச்சே!"

"அவன்கிட்ட குளிருன்னு சொன்னதெல்லாம் சாக்குடி. என் காலு சில்லுனு ஆகக் கூடாதுன்னுதான் மாப்பிள்ளை கம்பளம் வாங்கிட்டு வந்தாரு. அந்த மனுஷனை நீ தினம் தினம் கரிச்சுக் கொட்டுறதை என்னால பாக்க முடியலை."

தம்பி வந்தான். பெட்டியைத் தூக்க வந்த என் வீட்டுக்காரர் அதைக் கதவில் இடித்தார்.

"ஒரு பெட்டியைக்கூட ஒழுங்காத் தூக்கத் தெரியாதா?" என்று கத்தினேன்.

அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கினாள்.