பில்லில் விழுந்த எடை

மோட்டர் எரிந்துவிட்டது என்று சொல்பவர்களுக்கு ஸிஹாமாவிடம் ஒரு பதில் தயாராகவே இருந்தது. போனில் எட்டைத் தட்டினால் முழுப் பதிலும் வந்து நிற்கும். "தொடர்ந்து அரை மணி நேரத்துக்கு மேல் ஓட்டினாலோ, தடித்த துணியைத் தைத்தாலோ மோட்டர் சூடாகும். அதற்கு நாங்கள் பொறுப்பில்லை. தயவுசெய்து படம் அனுப்பவும்."

பார்சல் வரவில்லை என்பவர்களுக்கு ஒன்று, நிறம் பிடிக்கவில்லை என்பவர்களுக்கு ஒன்று என்று இப்படிப் பதினேழு பதில்கள். எல்லாம் அவளும் கணவன் றில்வானும் பண்டாரவளையில் அந்தச் சின்ன வீட்டு முன்னறையில் உட்கார்ந்து எழுதியவை. அவன் எரிந்துபோன தையல் மெஷின் மோட்டர்களை வாங்கி, கம்பி மாற்றிச் சுற்றுவான். அவள் படம் எடுத்து பேஸ்புக்கில் போட்டு விற்பாள். கோபமாக வருகிறவரிடம் முதலில் படம் கேட்க வேண்டும் என்பது அவள் கண்டுபிடித்தது. படம் எடுக்க மேசையைத் துடைத்து, வெளிச்சம் பார்த்து, போனைப் பிடித்து நிற்பதற்குள் பாதிக் கோபம் இறங்கிவிடும்.

நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், லயத்து அறையில் தைத்துப் பிழைக்கும் சுதர்ஷினிக்கு அந்தக் கோபம் இறங்கவில்லை. குரல் பதிவு அனுப்பினாள்.

"படம் அனுப்பு, படம் அனுப்புன்னா? கரிக்கட்டையப் படம் புடிச்சு அனுப்பவா? ஏழு கல்யாணச் சட்டை பாதியில நிக்குது. நீங்க வேணாங்க, அந்த அண்ணன்கிட்ட போனக் குடுங்க. அவருதான் வெவரமாப் பேசுவாரு."

அந்த அண்ணன், றில்வான், மௌத்தாகி நாற்பத்தொரு நாள் ஆகியிருந்தது. ஸிஹாமா விதவைக்குரிய இத்தாவில் இருந்தாள். நான்கு மாதமும் பத்து நாளும் வாசலைத் தாண்டக் கூடாது. பேஜில் மரணச் செய்தி எதையும் போடவில்லை. போட்டால் மிச்சமிருக்கும் சாமான் விலை போகாது என்று றில்வானின் தங்கை நஸ்மியா சொல்லியிருந்தாள்.

அடக்கத்துக்கு முந்திய ஜனாஸாத் தொழுகையின்போது நஸ்மியாவின் கணவர் புஹாரி பள்ளிவாசலில் எழுந்து நின்று, மர்ஹூமான றில்வானுடன் யாருக்காவது கொடுக்கல் வாங்கல் இருந்தால் சொல்லுங்கள், ஏதும் குறை வைத்திருந்தால் மன்னித்துவிடுங்கள் என்று கேட்டிருந்தார். இரண்டு கடைக்காரர்கள் வந்தார்கள். மையித்தை அடக்கிய அன்றே இருவரின் கணக்கும் தீர்ந்தது. அவர் மறுமைக்குக் கடன் சுமையில்லாமல் போய்விட்டார் என்பதுதான் இந்த நாற்பத்தொரு நாளும் ஸிஹாமாவைத் தூங்கவைத்த ஒரே நினைப்பு. பேஸ்புக்கில் வாங்கியவர்கள் யாரும் அன்று பள்ளிவாசலில் இருந்திருக்கமாட்டார்கள் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் காலை அடுத்த குரல் வந்தது.

"அக்கா, கரியச் சொரண்டிப் பாத்தேன். கம்பி உள்ள வெள்ளையா இருக்கு. நூத்துக்கு நூறு செம்புன்னு போட்டிருந்தீங்க. செம்பு செவப்பாத்தான இருக்கும்? எங்க வீட்டுல செம்புக் கொடம் இருக்கு. எனக்குத் தெரியாதா?"

ஸிஹாமா பதிவை மறுபடியும் போட்டுக் கேட்டாள். றில்வானின் மோட்டரில் வெள்ளைக் கம்பியா? கல்யாணமான புதிதில் அவளை உட்காரவைத்து அவனே விளக்கியிருக்கிறான். சுற்றுகிற கம்பிக்கு மேலே மெல்லிய அரக்குப் பூச்சு இருக்கும். அலுமினியத்துக்கும் செம்பு நிறத்திலேயே பூசிவிடுவார்கள், கண்ணால் பார்த்தால் ஏமாந்துபோவாய். சுரண்டினால்தான் உள்ளே இருப்பது தெரியும். அதே தடிமனில் அலுமினியத்தைச் சுற்றினால், அதே வேலைக்கு ஒன்றரை மடங்குக்கும் மேல் சூடு. ஒருநாள் பூச்சு உருகி, கம்பியோடு கம்பி ஒட்டி, எல்லாம் போய்விடும். "அலுமினியம் சுத்துறவன் களவெடுக்கிறவன்" என்று அவன் சொன்னது அவள் காதிலேயே இருந்தது.

அப்படியானால் அந்தப் பெண் மோட்டரை மாற்றிவிட்டாள். நல்லதைக் கழற்றி வைத்துக்கொண்டு, எங்கோ கிடந்த குப்பையை எரித்துப் படம் காட்டுகிறாள். இந்த வியாபாரத்தில் இது புதிதில்லை.

அதைப் பிடிக்கவும் ஒரு வழி இருந்தது. கூரியர்க்காரர்கள் கிலோவுக்குத்தான் காசு வாங்குவார்கள். ஆனால் அவர்களுடைய தராசு கிராம் வரை நிறுத்து, அந்த எண்ணை அப்படியே பில்லில் அடித்துவிடும். அனுப்பிய எடையும் திரும்பி வரும் எடையும் பொருந்தாவிட்டால் உள்ளே இருப்பது வேறு சாமான். றில்வான் அனுப்பிய எல்லாப் பில்லும் மேசை மூலையில் ஓர் ஆணியில் வரிசையாகக் குத்தியிருந்தது. சுதர்ஷினியின் பில்லில் 1,730 கிராம் என்றிருந்தது.

"திருப்பி அனுப்புங்க தங்கச்சி," என்று குரலை அடக்கிக்கொண்டு பதிவு செய்தாள். "வந்த பெட்டியிலயே, வந்த மாதிரியே. கூலி நாங்க தாறோம்."

"பெட்டி இருக்கு. நூல்கண்டு போட்டு வச்சிருக்கேன். அனுப்புறேன். ஆனா அந்த அண்ணன் ஏன் பேசமாட்டேங்கிறாரு? மூஞ்சி காட்ட வெக்கமா?"

ஸிஹாமா போனைக் கவிழ்த்து வைத்தாள்.

மூன்றாம் நாள் நஸ்மியா கூரியர்க் கடையிலிருந்து பார்சலைச் சுமந்து வந்தாள். வெளியே மழை. குடையை வாசலில் விரித்து வைத்துவிட்டு, பில்லை முந்தானையால் துடைத்து நீட்டினாள். சுதர்ஷினி கொடுத்த பசறைக் கிளையில் நிறுத்தது, 1,734.

"நாலு கிராம் கூடவா ஈக்கி," என்றாள் நஸ்மியா.

"டேப் சுத்தீக்காங்க. டேப்புட பாரம்."

சொல்லி முடித்த பிறகுதான், தான் சொன்னது என்னவென்று ஸிஹாமாவுக்கு விளங்கியது. மோட்டர் மாறவில்லை. இங்கிருந்து போனதுதான் திரும்பி வந்திருக்கிறது.

அவள் ஆணியிலிருந்து மற்றப் பில்களையும் உருவினாள். எல்லாம் ஒரே வகை மோட்டர், ஒரே பெட்டி, ஒரே சுற்றுத்தாள். போன வருடம் முழுக்க 1,860, 1,858, 1,863. பிறகு ஒரு பில்லில் 1,731. அதற்குப் பிறகு ஒன்றுகூட ஏறவில்லை. செம்பு பாரம், அலுமினியம் அதில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. நூற்று முப்பது கிராம் எங்கே போனதென்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. எடை குறைந்தவற்றை ஒவ்வொன்றாக எண்ணினாள். பதினொன்று.

நஸ்மியா அவள் முகத்தைப் பார்த்தே விஷயத்தை அறிந்துகொண்டாள். அண்ணனை நானா என்றே சொல்வாள்.

"கம்பி வித்தவன் நானாவ ஏமாத்தீக்கான் மதினி. நீங்களே செல்லுறீங்களே, வெளிய பார்த்தா தெரியாதுண்டு. நானாவுக்கும் தெரிஞ்சீக்காது."

அந்த வார்த்தையை ஸிஹாமா இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஆமாம், அப்படித்தான் இருக்கும். அவர் கண்ணும் கடைசிக் காலத்தில் மங்கிப்போயிருந்தது. நிச்சயப்படுத்திக்கொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் ஸ்க்ரூ ட்ரைவரை எடுத்து மோட்டரின் மூடியைத் திறந்தாள். பார்க்காமல் விட்டிருந்தால் அந்த நம்பிக்கை அவளுக்கு மிஞ்சியிருக்கும்.

சுருளின் நுனியையும் வெளியே போகும் வயரையும் சேர்க்கிற இடத்தில் றில்வான் எப்போதும் ஈயம் வைத்துப் பற்றவைப்பான். செம்பில் ஈயம் தண்ணீர் போல ஓடிப் பிடித்துக்கொள்ளும். அலுமினியத்தில் ஒட்டாது. உருண்டையாகத் திரண்டு கீழே விழும். அதனால் அலுமினியம் சுற்றுகிறவர்கள் சின்னப் பித்தளைக் குழாய் ஒன்றைப் போட்டு, குறட்டால் நசுக்கிவிடுவார்கள்.

கரிக்கு நடுவே பித்தளைக் குழாய் ஒன்று நசுங்கிக் கிடந்தது.

அதை நசுக்கிய குறடு எதுவென்று அவளுக்குத் தெரியும். மௌத்துக்கு இரண்டு மாதத்துக்கு முன் வாங்கி வந்தான். சிவப்புக் கைப்பிடி. "இது என்னத்துக்கு, ஈயம் ஈக்கிதானே?" என்று கேட்டாள். "இது லேசு," என்றான், அவளைப் பார்க்காமல். செம்புக் கம்பி விலை ஏறிக்கொண்டே போன மாதம் அது. அவனுடைய நெஞ்சு மாத்திரைக்கு அவள் சில்லறை தேடிய மாதமும் அதுதான். மேசைக்குக் கீழே தொங்கிய அந்தக் குறடு இப்போதும் புதிதாகவே இருந்தது.

"அவருக்குத் தெரியும், நஸ்மியா."

நஸ்மியா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "மௌத்தானவங்கட குறைய மறைக்கத்தான் மார்க்கத்துல செல்லீக்கி. எரிஞ்சது ஒண்டு. அலுமாரியில பழைய செம்பு மோட்டர் ஒண்டு ஈக்கிதானே, அத அந்தப் புள்ளைக்கு அனுப்பிடுங்க. மத்தப் பத்துப் பேரும் ஒண்டுமே கேக்கல்லயே. நீங்களா போய் நானாட பேரக் கெடுக்கப் போறீங்களா? குடுக்கத்தான் உங்கள்ட என்ன ஈக்கி?"

ஸிஹாமாவின் கண் கம்பி சுற்றும் மெஷினில் போய் நின்றது. விற்கக்கூடியதென்று வீட்டில் அது மட்டும்தான் இருந்தது.

"கேக்கல்லண்டா கடன் இல்லயா?" என்றாள்.

நஸ்மியா குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

சுதர்ஷினிக்குப் பதிவு அனுப்ப மனம் வரவில்லை, நேரடியாகவே அழைத்தாள். பதினேழு பதிலில் ஒன்றும் உதவவில்லை.

"நீங்க சொன்னது சரி தங்கச்சி. அது அலுமினியம்தான். பிழை எங்கட. நாளைக்கே செம்பு மோட்டர் ஒன்று அனுப்புறேன். அந்த அண்ணன் மௌத்தாகிட்டாரு. செத்துப்போய்ட்டாரு. அதனாலதான் உங்களோட பேச முடியல்ல. நீங்க அவர மன்னிக்கணும். நீங்க மன்னிச்சாத்தான் அவருக்கு லேசாகும்."

எதிர்ப்பக்கம் ஒரு குழந்தை எதற்கோ அழுதுகொண்டிருந்தது. யாரோ அதை அதட்டினார்கள்.

"அடக் கடவுளே," என்றாள் சுதர்ஷினி கடைசியில். "நான் வெக்கமான்னெல்லாம் கேட்டுப்புட்டேனே." வேறு குரலில் தொடர்ந்தாள். "ஆனா அக்கா, அந்தக் கல்யாணச் சட்டைய வேற எடத்துல குடுத்துட்டாங்க. இனி எங்கிட்ட வரமாட்டாங்க. மோட்டர அனுப்புங்க. மன்னிக்கிறதப் பத்தி இப்ப என்னால ஒண்ணும் சொல்ல முடியலங்க."

"சரி," என்றாள் ஸிஹாமா. வேறு எதைச் சொல்ல?

மழை ஓயவில்லை. அவள் அடுத்த பில்லை எடுத்தாள். வெலிமடை, ஜெயலெட்சுமி, 1,729. எண்ணை அழுத்தினாள். மூன்றாவது மணியில் எடுத்தார்கள். பின்னணியில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, நிற்காமல், சீராக.

"அட, மோட்டர்க் கடையா? சொல்லுங்கம்மா. சொகமா இருக்கீங்களா? மோட்டர் ஜோரா ஓடுதுங்க, ஒரு கொறையும் இல்ல. அந்தத் தம்பிகிட்ட சொல்லுங்க, அவரு கை நல்ல கைன்னு."

இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். விசாரிக்கத்தான் எடுத்தேன் என்று சொல்லி வைத்துவிடலாம். வெலிமடையில் ஒரு பெண் அவனைப் பற்றி நல்லதையே நினைத்துக்கொண்டிருப்பாள், அந்த மெஷின் ஓடுகிற வரைக்கும்.

"கொஞ்சம் நில்லுங்க," என்றாள் ஸிஹாமா. "முதல்ல அந்த மெஷின நிப்பாட்டுங்க."

மெஷின் நின்றது.