ஒற்றைக் கொக்கின் அசதி

சுக்கிரவார்பேட்டையில் தராசு பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த ஷேக் பரீத், ஒரு மார்கழி முழுக்க ஒரே ஒரு கொக்கைப் பார்த்துக்கொண்டிருந்ததில் இருநூறு கிலோவைத் தாண்டினார். உடம்பு பெருக்கவில்லை. கைலி பழைய முடிச்சிலேயே நின்றது, சட்டைப் பொத்தான் ஒன்றும் தெறிக்கவில்லை, கன்னம் முன்னைவிட ஒட்டித்தான் போயிருந்தது. எடை மட்டும் ஏறியது. கிளினிக் மிஷின் கெட்டுப்போய்விட்டது என்று டாக்டர் சொன்னபோது பரீத்துக்கு ரோஷம் வந்துவிட்டது. அந்த வருஷம் சர்க்கார் முத்திரை போட்ட, மூட்டை நிறுக்கிற மேடைத் தராசைக் கடையிலிருந்து வீட்டுக்கே வரவழைத்து ஏறி நின்றார். டாக்டரின் மிஷின் மேல் தப்பில்லை. ரத்தத்தில் சர்க்கரை இல்லை, தைராய்டு இல்லை, நெஞ்சு ஒழுங்காக அடித்தது. டாக்டர் யோசித்துவிட்டு, அசதி என்றார், ஓய்வெடுக்கச் சொன்னார். அவர் சொன்னதும் சரிதான். அது யாருடைய அசதி என்பதுதான் அவருக்குத் தெரியாது.

கோயமுத்தூரில் பறவை பார்க்கிறவர்களுக்கு இது புதுச் சங்கதி அல்ல. ஐப்பசி தாண்டியதும் மலைக்கு அப்பாலிருந்து பறவைகள் வந்து நம் குளங்களில் இறங்குகின்றன. அவ்வளவு தூரம் பறந்த அலுப்பு, அவற்றை உற்றுப் பார்க்கிறவர்களின் கண்வழியாக இறங்கி உடம்பில் உட்கார்ந்துகொள்ளும். வாலாட்டியைப் பார்த்தால் ஒரு கொட்டாவி. நாமத்தலை வாத்துக்கு ஒரு மத்தியானத் தூக்கம். வரித்தலை வாத்து இமயமலையையே தாண்டி வருவதால் அதற்கு இரண்டு நாள் தோள்வலியும், ரசம்சோறு போதும் என்கிற வாயும். அதனால்தானோ என்னவோ, எதைப் பார்த்தாலும் உடனே வாட்ஸப் குழுவில் சொல்லிவிடுவது அவர்களுடைய வழக்கம். சூலூரில் வரித்தலை, வடக்குக் கரை என்று காலையில் ஒருவர் போட்டால், சாயங்காலத்துக்குள் முப்பது பேர் போய்ப் பார்த்துவிட்டு ஆளுக்கொரு கரண்டி அசதியை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். பறவைக்கும் பாரம் குறைந்துவிடும், மனிதருக்கும் தாங்கும். பெருமைக்குப் போடுவதாகத்தான் அவர்களே நினைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் குழுவுக்கு இன்னொரு சட்டமும் இருந்தது: படம் இல்லையென்றால் பதிவு இல்லை. பீளமேட்டில் நூல்மில் நடத்தி ஓய்ந்த கோவிந்தராஜுலு நாயுடு போட்ட சட்டம் அது. அவரிடம் ஒரு கைக்குழந்தை நீளத்துக்குக் கேமரா லென்ஸ் இருந்தது. அதை அவர் குழந்தையைத் தூக்குகிற மாதிரியேதான் தூக்கிக்கொண்டு நடப்பார்.

முந்தின வருஷம் தை மாதத்தில் பரீத் ஒரு குளத்தில் வழிதவறி வந்த இளம் பூநாரை ஒன்றைப் பார்த்தார். வழக்கப்படி இடத்தையும் சொன்னார். மறுநாள் விடிவதற்குள் குளத்தைச் சுற்றிக் கார்கள் நின்றன. ஒருவர் ட்ரோன் விட்டார். கோவிந்தராஜுலு முழங்கால் தண்ணீரில் இறங்கி, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கிட்டே போனார். பூநாரை மிரண்டு எழும்பி, மேலே போன மின்கம்பியில் அடித்து விழுந்தது. எல்லாரும் போன பிறகு பரீத்தான் அதைக் கரையில் குழிவெட்டிப் புதைத்தார். வீட்டுக்கு வந்து மனைவி சாஜிதா பேகத்திடம் கம்பியைப் பற்றி மட்டும் சொன்னார். தலைக்கு மேலேயே போன கம்பி, அத்தனை பேரில் ஒருத்தர்கூட அண்ணாந்து பார்க்காத கம்பி. அதற்கப்புறம் அவர் குழுவில் ஒரு பறவையைப் பற்றியும் வாய் திறக்கவில்லை.

இந்த மார்கழியில் பல்லடம் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் தராசு தகராறு பண்ணுகிறது என்று கூப்பிட்டார்கள். போனவர் பண்ணைக்குப் பின்னாலிருந்த குட்டையில், சீமைக்கருவேல மறைவில், ஆள் உயரத்துக்கு ஒரு வெள்ளைக் கொக்கு நிற்பதைக் கண்டார். முகம் சிவப்பு, காலும் சிவப்பு, சிறகு நுனி மட்டும் கறுப்பு. பனிநாட்டுப் பெருங்கொக்கு. இந்தத் தேசத்துக்கு வருவதை அது எப்போதோ விட்டுவிட்டது என்றுதான் பறவைக்காரர்கள் எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கூட்டமாக வந்திருந்தால் அசதியைத் தமக்குள்ளேயே பங்கிட்டுக்கொண்டிருக்கும். இது ஒற்றையாக வந்திருந்தது. வராமல் போன கூட்டத்தின் அசதியையும் அதுவே சுமந்துகொண்டு வந்து, தலையைத் தூக்க முடியாமல் நின்றது. பரீத் பைனாகுலரில் பார்க்கப் பார்க்க, அது தலையை விரற்கடை தூக்கியது. அந்த விரற்கடைக்காகத்தான் அவர் தினமும் சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டுப் பல்லடம் சாலையில் போய்வந்தார். முதலில் ஸ்கூட்டர் டயர் அடிக்கடி இறங்கியது. பிறகு கோட்டைமேட்டு வீட்டில் கட்டில் கால் முறிந்தது. தரையில் பாய் போட்டுப் படுத்தார். பாய்க்கு அடியில் டைல்ஸ் விரிசல் விட்டது.

சாஜிதாவுக்குப் பறவைகளைப் பற்றி ஒன்றும் தெரியாது. புருஷனின் தோளைப் பிடித்துவிடும்போது உள்ளங்கை ஐஸ் பெட்டிக்குள் போனதுபோல் விறைத்தது. அது மட்டும்தான் தெரியும்.

"ஏங்க, எங்க போயி எதெப் பாத்துபோட்டு வந்தீங்க?"

"ஒண்ணும் பாக்கல சாஜி."

"ஒண்ணும் பாக்காமயா தரை ஒடஞ்சுது?"

அவர் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பை இழுத்து உதட்டுக்குக் கொண்டுவரவே அவருக்கு நேரம் பிடித்தது.

குழுவை நடத்துகிற லோகப்பிரியா, கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற பெண், ஆப்பிள் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தாள். பார்த்ததுமே அவளுக்கு விளங்கிவிட்டது.

"பாய், எடங்கூட வேண்டாங்க. என்ன பறவைன்னு மட்டுமாவது சொல்லுங்க."

"சொன்னா நீ சும்மா இருந்துக்குவியா அம்மணி?"

லோகப்பிரியா கொஞ்சம் யோசித்தாள். பொய் சொல்லத் தெரியாத பெண். "இருக்க மாட்டனுங்க," என்றாள்.

"அப்பறம்?"

வாசலில் செருப்பு மாட்டும்போது அவள் சாஜிதாவிடம் ஒளிக்காமல் சொன்னாள். இது ஒரு ஆள் தாங்குகிற அசதி இல்லை; யாராவது போய்ப் பங்கு எடுக்காவிட்டால், கொஞ்ச நாளில் நெஞ்சுக்கூட்டைத் தூக்கி மூச்சு விடுவதற்கே அவரால் முடியாது. சொல்லாமல் விட்டால் மனுஷன் போவார், சொன்னால் பறவை போகும். சாஜிதாவுக்கு அன்றைக்குச் சோறு வடித்ததும் தெரியாது, அது குழைந்ததும் தெரியாது.

மறுநாள் மத்தியானம் லுஹர் தொழுகை முடிந்ததும் தெருவில் ஒரு மய்யித்துப் போனது. இறந்துபோனது டீக்கடைக்காரரின் மாமனார், வயசானவர், நல்ல பாரி உடம்பு. சாஜிதா ஜன்னலில் நின்று துஆ செய்துகொண்டே பார்த்தாள். உடம்பைக் கிடத்திய சந்தூக்கைச் சுமக்கிறவர்கள் நாலு எட்டுக்கு ஒருதரம் மாறிக்கொண்டே இருந்தார்கள். முன்பின் தெரியாதவர்கள்கூடக் கடையைவிட்டு இறங்கி வந்து தோள் கொடுத்துவிட்டுத் திரும்பினார்கள். அவ்வளவு பெரிய உடம்பு தெருமுனை திரும்பும்போது, இலவம்பஞ்சு மூட்டை போவதுபோல் போனது. அந்தக் கூட்டத்தில் யாரும் போனை எடுத்துப் படம் பிடிக்கவில்லை. சாஜிதா ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து புருஷன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கேமராவே இல்லாம வந்தாங்கன்னா?"

"யாரு?"

"உங்க குழுக்காரங்க. எளவுக்கு வர்ற மாதிரி வந்து பாத்துட்டு, பேசாமப் போயிருவாங்க."

"கேமரா இல்லாம அந்த நாயுடு பாத்ரூமுக்கே போகமாட்டாரு சாஜி."

"அவரு வந்தா?"

பரீத் கண்ணை மூடிக்கொண்டார். நெஞ்சு ஒருதரம் ஏறி இறங்கியது. "அவரு வெறுங்கையோட வந்தா சொல்றேன்," என்றார்.

சாஜிதா துப்பட்டியைப் போட்டுக்கொண்டு பீளமேட்டுக்குப் பஸ் ஏறினாள். கோவிந்தராஜுலுவின் மனைவி பங்காரம்மா கதவைத் திறந்து, மோர் கொடுத்து உட்காரவைத்தாள். ஹாலில் ஒரு சுவர் நிறையப் பூநாரையின் படம் இருந்தது. விடிகாலை வெளிச்சத்தில் இறக்கை விரித்து எழும்புகிற பூநாரை. ஏதோ போட்டியில் பரிசு வாங்கிய படம். கோவிந்தராஜுலு எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க சொல்றது புரியுதும்மா. ஆனா படம் இல்லாட்டி பதிவு இல்லீங்க. நாளைக்கு எவனும் நம்பமாட்டான். நானே நம்பமாட்டேன்."

சாஜிதா அவரைப் பார்க்கவில்லை, படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தலைக்கு மேலயே கம்பி போச்சுன்னு அவரு சொன்னாரே. இதுல காணமுங்களே?"

பங்காரம்மாதான் டம்ளரை எடுத்துக்கொண்டே பேசினாள். "இருந்துச்சுங்க. இவருதான் கம்ப்யூட்டர்ல அழிச்சாரு. பாக்க நல்லா இல்லியாமா."

வெளியே தேங்காய் வண்டிக்காரன் கூவிக்கொண்டு போனான். அவன் குரல் தேய்ந்து மறைந்தது. பிறகு கோவிந்தராஜுலு எழுந்து உள்ளே போய், கேமராவை லென்ஸோடு இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து மனைவியிடம் கொடுத்தார்.

"பீரோல வெச்சுப் பூட்டு. நான் கேட்டாலும் சாவியைக் குடுக்காதே."

"ஏமண்டி, காய்ச்சல் கீய்ச்சல் அடிக்குதா உங்களுக்கு?" என்றாள் பங்காரம்மா. ஆனால் பூட்டினாள்.

பரீத் சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். அடுத்த நாள் சாயங்காலம் குழுவிலிருந்த அத்தனை பேரும் போன்களைக்கூட வண்டியிலேயே வைத்துவிட்டுக் குட்டைக்குப் போனார்கள். பண்ணைக்காரி மாசாணியம்மாள் தீவனக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"ஏனுங்க, அந்தக் கொக்குக்குங்களா இத்தனை கூட்டம்? அது வந்ததுலருந்து என்ற கோழியெல்லாம் தூங்கிட்டே கெடக்குதுங்க. நானு ஒருக்கா உத்துப் பாத்துபோட்டு, மாட்டுக்குத் தண்ணி காட்ட மறந்துபோட்டேன். சாமி, ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துட்டுப் போயிருங்க."

எடுத்தார்கள். இழவு வீட்டில் மாலை போடப் போகிறவர்கள்போல ஒருவர் பின் ஒருவராகப் போய் நின்று, பார்த்து, பேசாமல் இறங்கி வந்தார்கள். ஒருத்தருக்கு முதுகில் பனிக்காற்று இறங்கியது. ஒருத்தர் நெடுந்தூரம் மணல்மேல் பறந்த தாகத்தோடு வந்து மாசாணியம்மாள் குடத்தைக் காலி செய்தார். லோகப்பிரியா கருவேல நிழலில் உட்கார்ந்து, யாருக்காக என்று தெரியாமலே அழுதாள். கடைசியாகப் போனவர் கோவிந்தராஜுலு. அவர்தான் அதிகநேரம் நின்றார். மற்றவர்களுக்கு வந்தது வழியின் அசதி. அவருக்கு வந்தது, பின்னால் யாராவது வருகிறார்களா என்று கொக்கு வழிநெடுகத் திரும்பித் திரும்பிப் பார்த்த கழுத்தின் அசதி. திரும்பி வரும்போது அவர் கால் கணுக்கால்வரை சேற்றில் புதைந்தது. மேலே கம்பி ஏதும் போகிறதா என்று அவர் ஒருதரம் அண்ணாந்து பார்த்ததையும் லோகப்பிரியா பார்த்தாள்.

அந்த நேரம் கோட்டைமேட்டில் சாஜிதா புருஷனின் நெஞ்சில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். அங்கே ஒவ்வொருவர் பார்க்கப் பார்க்க, இங்கே அவள் கைக்கு அடியில் நெஞ்சு இம்மி இம்மியாக இளகியது. பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொல்லும்போது ஒரே தடவையில் பெரிய பாரம் ஒன்று இறங்கியது. அது கோவிந்தராஜுலுவின் பங்காக இருக்கும். பரீத் எழுந்து உட்கார்ந்து, "பசிக்குது சாஜி," என்றார். குட்டையில் கொக்கு முழுக் கழுத்தையும் நிமிர்த்தி, ஒரு கூப்பாடு போட்டுவிட்டு, மீன் பிடிக்கத் தொடங்கியிருந்தது. அன்றிரவு குழுவில் படமே இல்லாத முதல் பதிவு வந்தது. கோவிந்தராஜுலு போட்டது. அதில் 'பார்த்தோம்' என்கிற ஒரு வார்த்தைதான் இருந்தது. அதை யாரும் சந்தேகப்படவில்லை; சந்தேகப்படத் தெம்பும் இல்லை, எல்லாரும் தூங்கிப்போயிருந்தார்கள். பீளமேட்டு ஹாலில் பூநாரைப் படத்தைக் கழற்றிவிட்டு, கம்பி இருக்கிற பழைய படத்தை மாட்டினார்கள். பார்க்க நன்றாக இல்லைதான்.

பங்குனியில் கொக்கு வடக்கே போனது. அடுத்த மார்கழியில் திரும்ப வந்தது, அப்போதும் ஒற்றையாகத்தான். அதற்கடுத்த வருஷமும் அப்படியே. ஒவ்வொரு தடவையும் அசதி கொஞ்சம் கூடித்தான் இருந்தது, குழு ஆட்கள் மட்டும் போதவில்லை. மாசாணியம்மாள் தானாகவே ரோட்டுப் பக்கத்துக் கருவேல மரங்களை வெட்டி வழி திறந்துவிட்டாள். மில் ஷிப்டு முடிந்து போகிறவர்கள் நின்றார்கள், தறிக்காரர்கள் நின்றார்கள், பள்ளிக்கூட வாத்தியார்கள் நின்றார்கள். யாராவது போனைத் தூக்கினால், "ஏனுங்க தம்பி, எளவூட்டுல போட்டோ புடிப்பீங்களா? உள்ள வைங்க," என்று அவள் ஒரு குரல் கொடுப்பாள். அத்தோடு சரி.

பரீத் இப்போது எழுபது கிலோ இருக்கிறார். அதில் எட்டுக் கிலோ அவருடையது அல்ல. அது அப்படியே தங்கிவிட்டது, அவரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. டைல்ஸ் விரிசலையும் மாற்றவில்லை. மார்கழி பிறந்தால் சாஜிதாவும் அவரோடு பல்லடம் பஸ்ஸில் ஏறிவிடுகிறாள். இன்றைக்கும் அவளுக்கு வாத்துக்கும் நாரைக்கும் வித்தியாசம் தெரியாது. குட்டை வரும்போது டிரைவர், யாரும் சொல்லாமலே, வண்டியை மெதுவாக ஓட்டுவார். ஜன்னலோரம் உட்கார்ந்தவர்கள் தலையைத் திருப்பி வெள்ளையாக நிற்பதை ஒரு பார்வை பார்ப்பார்கள், ஒரு கொட்டாவி விடுவார்கள், பஸ்ஸில் நிற்கிறவர்களுக்கும் கொக்கு தெரியட்டும் என்று தலையைக் கொஞ்சம் குனிந்துகொள்வார்கள். பிறகு கண்டக்டர் தானும் ஒரு கொட்டாவி விட்டுவிட்டு, விட்ட இடத்திலிருந்து டிக்கெட் கிழிக்கத் தொடங்குவார்.