தொட்டால் பேசும் அரசி

சிட்னியில், பென்டில் ஹில் ஸ்டேசனில் இறங்கி ஓட்டமும் நடையுமாகப் பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்தபோது பவளத்துக்கு மூச்சு வாங்கியது. தான் சமையல் வேலை செய்யும் வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரிக் குசினியில் கெஞ்சிக் கூத்தாடி இரண்டு மணித்தியாலம் லீவு வாங்கியிருந்தாள். வந்த அவசரத்தில் மயிர் விழாமல் மாட்டிய தலைவலையைக்கூடக் கழற்றவில்லை. கழற்றிக் கைப்பைக்குள் திணித்துக்கொண்டு மண்டபத்துக்குள் நுழைந்தாள்.

உள்ளே எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் சிலைகளாக நின்றார்கள். சரித்திர ரீச்சரின் ஏற்பாடு அது. ஒவ்வொரு பிள்ளையும் எழுநூறு, எண்ணூறு வருஷத்துக்கு முந்திய ஐரோப்பாவில் வாழ்ந்த ஒரு ஆள். பெயர் கற்பனையாக இருக்கலாம், ஆனால் வாழ்க்கை அந்தக் காலத்தில் நடக்கக்கூடியதாக இருக்கவேண்டும். வலது புறங்கையில் ஒரு சிவப்புக் கடதாசி வட்டம் ஒட்டியிருக்கும். அதை அமத்தினால் சிலைக்கு உயிர் வரும், தன் கதையைச் சொல்லும், பிறகு மறுபடி சிலையாகிவிடும்.

பவளத்தின் மகள் தாட்சாயினி ஒரு மன்னனின் மனைவி. பழைய யன்னல் சீலையை வெட்டி அந்த அங்கியைத் தைத்துக் கொடுத்ததே பவளம்தான். அரசியின் கதை என்ன என்று இரண்டு கிழமையாகக் கேட்டுப் பார்த்தாள். வந்து பாருங்கோவன் என்றதோடு சரி, பிள்ளை வாயே திறக்கவில்லை.

பொன் கடதாசி முடியோடு கதிரையில் நிமிர்ந்திருந்த மகளைப் பார்க்கப் பவளத்துக்குப் பெருமை பிடிபடவில்லை. சிரித்துக்கொண்டே வட்டத்தை அமத்தினாள்.

அரசி கண்ணை உயர்த்தினாள். ஆங்கிலத்தில்தான் சொன்னாள், ஆறுதலாக, ஒவ்வொரு சொல்லாக. தனக்குப் பதினாலு வயது. முகம் தெரியாத மன்னனுக்கு மனைவியாகக் கடல் கடந்து வந்தவள். மன்னன் கேட்டது ஒரு ராசாவின் மகளை. ஆனால் தான் ராசாவின் மகள் இல்லை. தன்னைப் பெற்றவள் அந்த ராசாவின் பெண்சாதியான ராசாத்தியின் தங்கை. கோட்டை விழுந்த நாளில் தங்கை செத்துப்போக, ராசாத்தி நாலு மாதக் குழந்தையைப் போர்வைக்குள் சுற்றிக்கொண்டு ஓடினாள். ஏட்டில் தன் மகள் என்று பதிந்தாள். அன்றிலிருந்து ஒருத்தருக்கும் சொல்லவில்லை.

"எனக்குத் தெரியும் என்பது அவவுக்குத் தெரியாது" என்று முடித்துவிட்டு அரசி சிலையானாள்.

பவளம் பேயறைந்தவள் போல நின்றாள்.

ஊரில் போர் முடிந்த இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு வைகாசி. தங்கை சத்தியபாமாவும் புருஷனும் ஒரே பதுங்குகுழியில் போய்விட்டார்கள். குழந்தை மட்டும் பவளத்தின் மடியில். முகாமில் பெயர் பதிந்தவர் ஆற்ற பிள்ளை என்று கேட்டபோது, என்ர பிள்ளை என்றாள். அந்த ஒரு சொல் பத்திரத்துக்குப் பத்திரம் ஏறி, விசாவில் ஏறி, சிட்னி வரைக்கும் வந்து சேர்ந்தது. அவளுக்கும் புருஷன் தேவராஜாவுக்கும் தவிர வேறு எவருக்கும் தெரியாது. பிறகு பிறந்த மகன் சஞ்சீவுக்குக்கூடத் தெரியாது. பதினாலு வருஷமாக மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டு திரிந்தவள் அவள். பயம் விசாவைப் பற்றியும்தான். ஆனால் அதைவிடப் பெரிய பயம், பிள்ளை ஒருநாள் தன்னைப் பெரியம்மா என்று கூப்பிட்டுவிடுவாளோ என்பது.

"எடி பவளம், உன்ர மகாராணி பேசிப்போட்டாவோ?"

பின்னாலே சிவகௌரி. நல்ல சிநேகிதிதான், ஆனால் அவள் காதில் காலையில் விழுந்தது மத்தியானத்துக்குள் ஊரெல்லாம் சுற்றி வந்துவிடும். கையில் போனை வேறு வீடியோ எடுக்க ஆயத்தமாகப் பிடித்திருந்தாள். பவளம் கதிரைக்கு முன்னால் குறுக்கே போனாள். வட்டம் பழுதாப்போச்சு, பிள்ளைக்குத் தொண்டை சரியில்லை என்று வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லிப் பார்த்தாள். சிவகௌரி கேட்டால்தானே. கடதாசி எப்படிப் பழுதாகும் என்று சிரித்தபடி எட்டி அமத்தினாள்.

பவளம் கண்ணை மூடிக்கொண்டாள்.

அரசி பேசினாள். தனக்கு இப்போது முப்பது வயது, தான் ராசாவுக்கும் ராசாத்திக்கும் பிறந்த மூத்த மகள். கூடவே மூன்று தோழிகளும் ஒரு கிளியும் கப்பலில் வந்தன. குளிர்நாட்டுச் சாப்பாடு பிடிக்கவில்லை. பிள்ளைகள் ஐந்து, தங்கியது இரண்டு. அவ்வளவுதான். போர்வையும் இல்லை, தங்கையும் இல்லை.

சிவகௌரி மெச்சிவிட்டு, பாண் சுடும் பேக்கரிக்காரனாக வேஷம் கட்டியிருந்த தன் மகன் கபிலனிடம் போனாள். பவளத்துக்கு இப்போதுதான் விளங்கியது. அப்படியென்றால் முதல் கதை மண்டபத்துக்கு எழுதினது இல்லை. தனக்கு மட்டும் எழுதினது.

வட்டத்தை மறுபடியும் அமத்தினாள்.

"உனக்கு ஆர் சொன்னது பிள்ளை?"

"ஒருத்தரும் சொல்லேல்ல." இந்தத் தடவை தமிழ். உதடு மட்டும்தான் அசைந்தது. "கபிலன்ர அப்பம்மான்ர திவசத்துக்குப் போனமெல்லே. கபிலன்ர அப்பா மகாதேவன் அங்கிள்தான் இலையில முதல் சோறு வைச்சவர். ஏனெண்டு கேட்டன். பெத்த பிள்ளைதான் வைக்கவேணும் எண்டு சிவகௌரி அன்ரி சொன்னவா."

அதற்கு மேல் பிள்ளை சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு வைகாசியிலும் தங்கையின் திவசத்துக்குக் கடையில் வாங்கிய ஐஸ் உருகாத வாழையிலையை விரித்து, சின்னம்மாவுக்கு நீ வையம்மா என்று அகப்பையை யாரிடம் கொடுத்தாள்? சஞ்சீவிடம் இல்லை, தாட்சாயினியிடம்தான். தன் கையாலும் வைத்ததில்லை. தங்கையிடமிருந்து பிள்ளையை எடுத்துக்கொண்டாளே தவிர, பிள்ளை கையால் வைக்கிற அந்த ஒரு பிடி சோற்றைப் பறிக்க அவளுக்கு மனம் வரவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தவள், அந்தச் சோற்றாலேயே பிடிபட்டுவிட்டாள்.

"இனி என்னைப் பெரியம்மா எண்டோ கூப்பிடப்போறாய்?"

பிள்ளை மறுபடி சிலையாகியிருந்தாள். அமத்தினால்தான் பதில். பவளத்தின் விரல் வட்டத்துக்கு மேலே நின்றது, இறங்க மறுத்தது. மணி அடித்து எல்லாப் பிள்ளைகளும் கலையும் வரைக்கும் இப்படியே நின்றுவிடலாமா என்று யோசித்தாள்.

அப்போது அரசியின் இடது கை மடியிலிருந்து மெல்ல எழுந்து வந்தது. தன் வட்டத்தைத் தானே அமத்தியது.

"அம்மா, அவவுக்கு என்ன கறி விருப்பம்? ஒருநாளும் சொல்லேல்லயே நீங்கள்."

"நண்டு" என்றாள் பவளம். "திவசத்துக்கு நண்டு வைக்கேலாது பிள்ளை. அதுதான் சொல்லேல்ல."

சிலைக்குச் சிரிக்க அனுமதி இல்லை. ஆனால் பொன் கடதாசி முடி ஆடியது. அங்கியின் கழுத்துப் பட்டி நனைந்தது. பவளம் கைப்பையைத் துழாவினாள். கண்ணீர் துடைக்க லேஞ்சி இல்லை. அகப்பட்டது தலைவலைதான். அந்த வலையாலேயே மகளின் முகத்தைத் துடைத்துவிட்டாள்.