பதிவேட்டை மட்டும் பார்த்த மௌலானா

கஃபர் நஸ்ஸார் என்ற ஊரின் திருமணப் பதிவாளர் ஷேக் தசூகி ஒரே வெள்ளிக்கிழமையில் ஏழு நிக்காஹ் முடித்துவிட்டு, ஏழு வீட்டிலும் சாப்பிட்டுவிட்டு வருவார். வலது கை பதிவேட்டில் எழுதிக்கொண்டிருக்கும்போதே இடது கை அடுத்த வீட்டாரின் அடையாள அட்டைகளைப் புரட்டும். வாய் மாப்பிள்ளைக்கு வாசகம் சொல்லிக்கொடுக்கும். தலைப்பாகைக்கு அடியில் காதில் செருகியிருக்கும் கைப்பேசிக் கருவியில் எட்டாவது கல்யாணத்துக்கு நேரம் குறிக்கப்படும். யாராவது வியந்தால், "எனக்கு அல்லாஹ் நாலு மூளை குடுத்திருக்கான்" என்று அடக்கமாகச் சொல்வார். அந்த நாலில் எது எப்போது வேலை செய்கிறது என்று யாரும் சோதித்ததில்லை, ஹாஜி பயூமியின் மகள் கல்யாணம் வரை.

பயூமி இரும்புக்கடைக்காரர். கடையில் சிங்கம், கூட்டத்தைக் கண்டால் கோழிக்குஞ்சு. மாப்பிள்ளையின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். வழக்கப்படி, கோத்த கைகளின் மேல் வெள்ளைக் கைக்குட்டை விரித்தாயிற்று. ஷேக் சொல்லச் சொல்ல அப்படியே திருப்பிச் சொன்னால் போதும் என்று சொல்லியிருந்தார்கள். பயூமி அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார்.

"என் மகள் ஷீரீனை உமக்கு மணமுடித்துத் தருகிறேன்," என்றார் ஷேக்.

பயூமி சொன்னார்.

"எங்களுக்குள் பேசி முடித்த மஹர் பணமாக..."

அந்த நேரம் பார்த்து ஷேக்கின் காதில் அவர் மனைவி இன்ஸாஃப் பேசினாள். வெண்டைக்காய்க்காரன் வண்டியைக் கிளப்பப் போகிறான், ஃப்ரீஸரில் உறையப்போட எத்தனை கிலோ வாங்க?

"மூணு கிலோ," என்றார் ஷேக். "பிஞ்சா இருக்கணும்."

"மூணு கிலோ," என்றார் பயூமி, நெற்றி வேர்க்க. "பிஞ்சா இருக்கணும்."

மாப்பிள்ளை நல்ல பையன், மரியாதை தெரிந்தவன். "ஒப்புக்கொண்டேன்" என்றான்.

நிக்காஹை அங்கேயே மறுபடி முறையாக நடத்தினார்கள். ஆனால் முதல் தடவையைத்தான் நாற்பது கைப்பேசிகள் படம் பிடித்திருந்தன. மறுநாள் பயூமியின் கடைக்கு வந்தவன் எல்லாம் ஆணி கேட்பதற்கு முன்னால் வெண்டைக்காய் விலை கேட்டான். மூன்றாம் நாள் பயூமி புகார் எழுதிக் கொடுத்தார்.

குடும்ப நீதிமன்றத்தில் நீதிபதி பஹ்ஜத் அந்தப் படத்தை முழுதாக இரண்டு தடவை பார்த்தார். சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்க அவர் பட்ட பாடு ஷேக்குக்குத் தெரிந்தது, அதனாலேயே பயமாக இருந்தது.

"இருபத்திரண்டு வருஷ சர்வீஸ், மௌலானா. அதனால விடறேன். இனிமே உங்க பதிவேட்டுல ஒரு அடித்தல் திருத்தல் வந்தாக்கூட, முத்திரையை இந்த மேசை மேல வச்சிட்டு வீட்டுக்குப் போயிடணும். புகார் ஃபைல் என்கிட்டதான் இருக்கும், மூடல."

முத்திரை போனால் ஷேக்குக்குப் பிழைக்க வேறு வழி கிடையாது.

செய்தி கேட்டு மைத்துனன் ஹெல்மி ஓடி வந்தான். ஹெல்மி முன்பு ஏர்கூலர் விற்றான். இப்போது 'மனிதவள மேம்பாட்டு நிபுணர்'. பல்கலைக்கழகம் எதுவும் கொடுக்காத டாக்டர் பட்டத்தைத் தானே போட்டுக்கொண்டு, விடுதி அறைகளில் வகுப்பு எடுக்கிறான்.

"மச்சான், உங்க பிரச்சினை கவனச் சிதறல்," என்று சோபாவில் சாய்ந்தான். "மூளை ஒரு நேரத்துல ஒரு வேலைதான்... இருங்க, ஒரு நிமிஷம்... ஹலோ, சனிக்கிழமை வகுப்பா? முழுப் பணமும் முன்கூட்டியே... ஆங், எங்க விட்டேன் மச்சான்?"

"மூளையில."

"ஆமா. மூளை ஒரு நேரத்துல..." இரண்டாவது கைப்பேசி அடித்தது. அதையும் எடுத்தான். மூன்றாவதில் யாருக்கோ இதயப்படம் அனுப்பினான். ஒன்றரை மணி நேரத்தில் ஒரே ஒரு வாக்கியத்தை முடித்துவிட்டு, நாலு கிண்ணம் சோற்றுப் பாயசம் சாப்பிட்டுவிட்டுப் போனான்.

இன்ஸாஃப் கிண்ணங்களைப் பொறுக்கினாள். "என் தம்பிதான். ஆனாலும் சொல்றேன், அவன் சொல்றதைச் செய்யுங்க, செய்யறதைப் பாக்காதீங்க." கணவர் காதிலிருந்த கருவியையும் சட்டைப்பையிலிருந்த கைப்பேசியையும் எடுத்து மாவு டப்பாவுக்குள் போட்டாள். பிறகு புதிதாக வாங்கிய மூன்று கிலோ வெண்டைக்காயையும் ஒரு கத்தியையும் அவர் மடியில் வைத்தாள்.

"காம்பைச் சீவணும். தலையை அறுத்துடக் கூடாது. அறுத்தா கொழகொழன்னு வழியும், உறையப்போட முடியாது. எத்தனை காய் அறுபடுதுன்னு நான் எண்ணுவேன்."

"பெண்டாட்டி கையில இப்படி ஒரு அவமானமா?"

"ஊருக்கே காட்டியாச்சு, எனக்குக் காட்டறதுல என்ன?"

முதல் நாள் அறுபத்தொரு காய் வழிந்தது. ஒவ்வொன்றும் ஷேக்கின் கை தானாகச் சட்டைப்பைக்குப் போன நேரத்தில் அறுபட்டது. அதில் கைப்பேசி இல்லை, ஆனாலும் கை போனது. மூன்று நிமிஷத்துக்கு மேல் மனசு ஒரு காயில் நிற்கவில்லை. அடுத்த தெருக் கல்யாணத்துக்கு எத்தனை ஆட்டுத் தொடை வந்திருக்கும் என்று கணக்குப் போட்டது. இரண்டாம் நாள் வாங்கிய காயில் முப்பது. நாலாம் நாள், ஜன்னலுக்குக் கீழே கழுதை வண்டியும் மினிபஸ்ஸும் மோதிக்கொண்டு தெருவே கத்தியபோது, ஷேக் எட்டிப் பார்க்கவில்லை. கையிலிருந்த காயை முடித்துவிட்டுத்தான் எழுந்தார். அதற்குள் சண்டை முடிந்துவிட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு சண்டையை முழுதாகத் தவறவிட்டார், அதனால் எதுவும் கெட்டுப்போகவில்லை என்று கண்டு ஆச்சரியப்பட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமைக்கு ஒரே ஒரு கல்யாணம்தான் எடுத்தார். மற்ற ஆறும் பக்கத்து ஊர்ப் பதிவாளருக்குப் போயின. அந்த ஒன்று நீதிபதி பஹ்ஜத்தின் தங்கை மகனுடையது. நீதிபதியே ஒரு சாட்சி. வேண்டுமென்றே தன்னைக் கூப்பிட்டிருக்கிறார் என்று ஷேக்குக்குப் புரிந்தது.

பள்ளிவாசல் கூடம் நிரம்பியிருந்தது. ஷேக் வாசகம் சொல்லிக் கொடுத்தார், பெண்ணின் தகப்பன் சொன்னார், மாப்பிள்ளை ஒப்புக்கொண்டான், பெண்கள் குலவையிட்டார்கள். கிழவர் ஒருவர் ஷேக்கின் காதருகே குனிந்து, "மௌலானா, இன்னிக்கு காய்கறி எதுவும் இல்லையா?" என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். ஷேக் நிமிரவில்லை. பதிவேட்டின் ஒவ்வொரு கட்டத்தையும் விரலால் தொட்டு, வாய்க்குள் படித்து, நிரப்பினார்.

சாட்சிக் கையெழுத்து முறை வந்தது. நீதிபதி பேனாவை வலது கையில் வாங்கினார், இடது கை கைப்பேசியைக் காதில் பிடித்திருந்தது. கடற்கரை வீட்டுக்கு வந்த தரை ஓடு நிறம் மாறிவிட்டதாம்.

"இறக்காதேன்னு சொல்லு. சாம்பல் நிறம் யார் கேட்டது? நான் கேட்டது பழுப்பு!" கத்திக்கொண்டே குனிந்தார். பேனா முனை மாப்பிள்ளை கையெழுத்துக் கட்டத்தை நோக்கி இறங்கியது.

ஷேக் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் செய்திருக்க மாட்டார். பாய்ந்து நீதிபதியின் மணிக்கட்டைப் பிடித்தார்.

கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. கைப்பேசியில் ஓடுக்காரன் மட்டும் "பழுப்பா பாஷா? பழுப்பா?" என்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"கையை விடுங்க," என்றார் நீதிபதி.

"விடறேன் பாஷா. முதல்ல பேனாவைத் தூக்குங்க."

"யாரைப் பிடிச்சிருக்கீங்கன்னு தெரியுதா?"

"தெரியுது." ஷேக் பிடியைத் தளர்த்தவில்லை. "ஆனா அது மாப்பிள்ளை இடம். அங்க போட்டீங்கன்னா காகிதப்படி பொண்ணு உங்களுக்குத்தான்."

நீதிபதி குனிந்து பார்த்தார். காதுமடல்கள் சிவந்தன.

பெண்கள் பக்கத்திலிருந்து அவர் மனைவி சுஹைர் ஹானிம் எழுந்து வந்தாள். "எத்தனை நாளா இந்த ஆசை?" என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திராமல், கணவரின் காதிலிருந்து கைப்பேசியைப் பிடுங்கினாள். "சாம்பலையே இறக்கு!" என்று ஓடுக்காரனுக்கு உத்தரவு போட்டுவிட்டுத் தன் கைப்பைக்குள் போட்டாள். கூடம் வெடித்தது. பெண்ணின் தகப்பன் சிரித்த சிரிப்பில், கையிலிருந்த நிக்காஹ் கைக்குட்டை தரையில் விழுந்தது.

"எங்க போடணும்?" என்றார் நீதிபதி, ரொம்ப மெதுவாக.

"இங்க." ஷேக் விரல் வைத்தார். நீதிபதி கையெழுத்திட்டார், பள்ளிக்கூடப் பையனைப் போல ஒவ்வொரு எழுத்தாக.

பேனாவை மூடிக் கொடுத்தவர், மற்றவர்களுக்குக் கேட்காதபடி குனிந்து பேசினார். "மௌலானா, அந்தப் பயூமி ஃபைல் இருக்கே, சனிக்கிழமை காலையில அதை மூடிடறேன். அவர்கிட்ட நானே பேசறேன். நீங்க..."

"கொஞ்சம் பேசாம இருங்க, பாஷா," என்றார் ஷேக், பதிவேட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "மாப்பிள்ளை கையெழுத்தும் கட்டைவிரல் ரேகையும் இன்னும் பாக்கி."