ஒடியும் வானேறி

மலர்க்கொடிக்குக் கண்ணால் பார்க்காததை வரைய வராது. அவள் இதை ஒப்புக்கொள்ளமாட்டாள் என்பதால் நாமே முதலில் சொல்லிவிடுவோம்.

2004 ஏப்ரலில் அவள் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் டைப்பிங் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அந்த வேலை அவளுக்கு வேப்பங்காய். உயிரெல்லாம் ஒரு வெளிநாட்டு கேமில் இருந்தது. அதில் குள்ளன் ஒருவன் சுவர் சுவராகத் தாவுவான். அவன்மேல் கொண்ட பிரியத்தில், அவனை வைத்து அவளே ஒரு கேம் செய்துவிட்டாள். ஆறு மாதச் சாப்பாட்டு இடைவேளை அதற்கே போனது. அவளுடைய குள்ளன் ரஞ்சன்குடிக் கோட்டைக்குள் போகவேண்டும். கதவு பூட்டியிருக்கும். சுவரோரம் விதையை ஊன்றினால் வானேறி என்றொரு செடி கிடுகிடுவென வளரும்; அதில் ஏறினால் கோட்டை. வானேறி உலகத்தில் எங்கும் கிடையாது. அவள் மண்டையில் முளைத்தது.

சென்டர் முதலாளி அழகேசனுக்கு கேம் என்றாலே வேலையத்தவன் சமாச்சாரம். கோடை விடுமுறைக்கு கேம் செய்யும் வகுப்பு நடத்தலாம் என்று அவள் ஒரு மாதமாக நச்சரித்ததில், கடைசியாக ஒரு நாள் காலையில் ஒன்று சொன்னார். இன்று ஐந்து மணிக்குள், சென்டருக்கு வருகிறவர்களில் ஒரே ஒருத்தர் முதல் கட்டத்தைத் தாண்டிக் கோட்டைக்குள் போய்க் காட்டட்டும், வகுப்பு உண்டு. இல்லையென்றால் இந்தப் பேச்சையே எடுக்கக்கூடாது.

டைப்பிங் படிக்கும் அம்சவள்ளி முதலில் உட்கார்ந்தாள். விதை ஊன்றினாள், செடி வளர்ந்தது. அதை ஒருமுறை பார்த்துவிட்டு, பூட்டிய கதவிலேயே குள்ளனை முட்ட வைத்துக்கொண்டிருந்தாள். ஏறவே இல்லை. அடுத்து வந்த நாலு பேரும் அப்படியேதான்.

மூன்று மணிக்கு, ஆலத்தியூர் சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டும் சாமிக்கண்ணு, மகள் ஜாதகத்தை டைப் அடித்து வாங்க வந்தார். அவரையும் பிடித்து உட்கார வைத்தாள். அவரும் செடி வரைக்கும் போய் பிரேக் போட்டார்.

"ஏறுங்கண்ணே."

"முருங்கையில எவன் பாப்பா ஏறுவான்? எங்க மச்சான் ஏறி, கெள முறிஞ்சு, ஆறு மாசம் படுத்துக் கெடந்தாரு."

அது முருங்கை இல்லை, வானேறி என்று அவள் சத்தியம் செய்தாள். காய் தொங்குதே என்றார். அது பிடித்து ஏறும் விழுது என்றாள். அப்படியானால் ரெண்டு விழுதைச் சாம்பாரில் போட்டுப் பார்ப்போம் என்றார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். வெளியே பக்கத்து வீட்டு முருங்கை காய்த்துத் தொங்கியது. ஆறு மாதமும் இந்த ஜன்னலோரம்தான் உட்கார்ந்து வரைந்திருக்கிறாள். இலை, காய், கணு, ஒன்றுகூடத் தப்பவில்லை.

அழகேசன் தன் மேஜையிலிருந்து திருப்தியாகக் கனைத்தார். அந்தக் கனைப்பில்தான் அவளுக்குச் சுர்ரென்று ஏறியது.

படத்தை மாற்ற இரண்டு நாள் பிடிக்கும். இருந்தது இரண்டு மணி நேரம். எனவே செடியின் ஓர் இலையைக்கூட அவள் தொடவில்லை. பாதி உயரத்தில் கிளை முறியட்டும் என்று புரோகிராமில் எழுதினாள். ஏறியவன் வறண்ட அகழிக்குள் விழட்டும். அங்கே கோட்டைக்குள் போக ஒரு சுரங்கவழி. முடித்தபோது மணி நாலே முக்கால். ஜாதகம் இன்னும் டைப் ஆகாததால் சாமிக்கண்ணு எதிர் டீக்கடையில் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். போய்க் கூட்டிவந்தாள்.

"நீங்க சொன்னது சரிதானான்னு ஒருவாட்டி ஏறிப் பாத்துடுங்கண்ணே."

ஜெயிப்பதற்கு ஏறாத மனுஷன், தான் சொன்னது சரி என்று காட்டுவதற்கு விறுவிறுவென்று ஏறினார். கிளை சடக்கென்று முறிந்தது. குள்ளன் தொப்பென்று அகழியில் விழுந்தான். "நான் சொல்லல?" என்று சாமிக்கண்ணு தொடையைத் தட்டினார். அந்தச் சந்தோஷத்திலேயே சுரங்கத்தில் புகுந்து கோட்டைக்குள் போய்விட்டார். மணி ஐந்தாக இரண்டு நிமிஷம் இருந்தது.

அழகேசனுக்குப் பொறுக்கவில்லை. விழுந்ததெல்லாம் ஜெயித்ததாகுமா, இது கள்ளாட்டம் என்று சாமிக்கண்ணுவை எழுப்பிவிட்டுத் தானே உட்கார்ந்தார். ஏறினார், முறிந்தது, விழுந்தார். சுரங்கம் எதிரிலேயே இருந்தது. அவர் நுழையவில்லை. கூடவே காயோடு விழுந்து கிடந்த கிளையைச் சுற்றிச் சுற்றிக் குள்ளனை நடக்கவிட்டார். ஐந்தடித்துப் பத்து நிமிஷமாகியும் எழுந்திருக்கவில்லை.

"இவ்வளவு காயையும் சும்மாவா வுட்டுட்டுப் போறது? பொறுக்க எந்த பட்டன்?"

"அத இன்னும் செய்யல சார். கிளாஸ்ல செய்யலாம்னு இருக்கேன்."

அழகேசன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, வாசல் போர்டில் எழுத சாக்பீஸ் இருக்கிறதா என்று கேட்டார்.