உள்ளங்கையில் அப்பம்

திருவிருந்தில் போதகர் வைத்த அப்பத்துண்டு யோசுவாவின் வலது உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது. நான்கு வருடங்கள் அது கழலவில்லை. குளத்தூரை ஒட்டிய அந்தச் சபையில் பலிபீடத்தின் முன் முழங்காலிட்டபடியே குனிந்து உதட்டால் கவ்வினார், நாக்கால் நெம்பினார், ஒன்றும் நடக்கவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் மனிதர் உருகி ஜெபிக்கிறார் என்று நினைத்துக்கொண்டார்கள். கையை மூடிக்கொண்டு எழுந்து வந்தவர் அன்று மாலையே துணி சுற்றிக் கட்டி, தீக்காயம் என்று சொல்லிவிட்டார்.

காரணம் என்னவென்று அவருக்குத் தெரியும். அந்தச் சபையில் புது மரம் காய்த்தால் முதல் காய் கோயிலுக்கு. ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் அதை ஏலம் விடுவார்கள். யோசுவா வீட்டுப் பலா, ஊர்ப்பேச்சில் வரிக்கைச் சக்கை மரம், அந்த வருடம்தான் முதன்முதலாக ஒரே ஒரு காய் காய்த்திருந்தது. அதை வெட்டிச் சாக்கில் பொதிந்து அடுக்களை மூலையில் வைத்துவிட்டு, மனைவி ராஜபாய் ஒரு சொந்தக்காரர் கல்யாணத்துக்குச் சேலை எடுக்கப் பாலராமபுரம் போயிருந்தாள். வீடெல்லாம் பழ மணம். பிசாசு பாம்பாகவும் வரவில்லை, வேறெதுவாகவும் வரவில்லை. பேசியதெல்லாம் யோசுவாவின் சொந்தக் குரல்தான். பழுக்காததைக் கர்த்தருக்குக் கொடுக்கலாமா என்றது. ஒரு சுளை தின்று பார்த்தால்தானே தெரியும் என்றது. தின்ற பிறகு, வெட்டுப்பட்டதை எப்படி ஏலம் விடுவது என்று அதுவே கேட்டது. மீதியை என்ன செய்வதென்றும் அதுவே சொல்லிக்கொடுத்தது. மிச்சச் சுளையையும் தின்றுவிட்டு, முள் மடலையும் கொட்டையையும் தென்னைக்கு அடியில் குழிதோண்டிப் புதைத்தார். பேருந்தில் இத்தனை காலம் நடத்துநராக இருந்து ஓசிப் பயணிகளைப் பார்வையாலேயே பிடித்த மனிதர் அவர்.

ராஜபாய் வந்து கேட்டாள்.

"சக்கை எங்க?"

"எனக்கெப்பிடித் தெரியும்? செல்லசாமி ஏணி வாங்க வந்தான். வேற ஆரும் வரேல்ல."

முதல் கேள்வியைக் கழித்தால் அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் செல்லசாமி ஏணி வாங்க வந்தது உண்மை. செல்லசாமிதான் எடுத்திருப்பான் என்று ராஜபாய் சபைப் பெண்களிடம் சொன்னாள், அவர்கள் ஊருக்குச் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை அப்பம் ஒட்டியது. மறுவாரம், இரண்டு வீட்டுக்காரர்களும் வந்துபோகும் வேலி இடைவெளியைச் செல்லசாமி ஓலை வைத்து அடைத்தார்.

அப்பம் பூசணம் பிடிக்கவில்லை, எறும்பும் மொய்க்கவில்லை. சக்கைப் பிசின் எண்ணெய்க்குக் கழலும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். யோசுவா குப்பி குப்பியாகத் தேங்காயெண்ணெய் தேய்த்தார். உச்சிவெயிலில் கையைக் காட்டிப் பார்த்தார். பொழியூர்க் கடலில் முக்கிப் பார்த்தார். கட்டுப்போட்ட கையாலேயே டிக்கெட் கொடுத்து ஓய்வும் பெற்றார். திருவிருந்துக்குப் போவதை விட்டுவிட்டார். குனிந்த தலை நிமிரவில்லை. வெட்கம் சோற்றிலும் உறக்கத்திலும் கூடவே இருந்தது.

நான்காம் வருடம் செல்லசாமியின் மகள் ஸ்வப்னாவுக்குக் கல்யாணம் வந்தது. அவர் மனைவி விஜயம்மா ஊரோடு சேர்த்து இவர்களையும் அழைத்திருந்தாள். பந்தியில் செல்லசாமியே சக்கைப் பிரதமன் பாயசத்தை விளம்பிக்கொண்டு வந்தார். சபைக்காரர் ஒருவர் இலையைப் பார்த்தபடி, "இது ஆரு வீட்டுச் சக்கையாக்கும்?" என்றார். பந்தி முழுக்கச் சிரித்தது. செல்லசாமி வாளியைத் தரையில் வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் பின்பக்கம் போனார். பெண்ணைப் பெற்றவன், பெண்ணின் கல்யாண நாளில். யோசுவாவுக்கு அந்த இலையின் முன்னால் செத்துவிடலாம் போலிருந்தது.

கட்டுக்கு வெளியே விரல்களில் ஒட்டிய சோற்றைக் கழுவாமலே பின்னால் போனார். கட்டை அவிழ்த்து உள்ளங்கையைக் காட்டினார்.

"நான் தின்னேன், செல்லசாமி. மடல் எங்க தென்னைக்கு மூட்டில கெடக்கு."

செல்லசாமி அந்தக் கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"எலே, நீ தின்னதுக்கு எனக்கு ஒண்ணுமில்ல. எல்லாரும் என்னைப் பாத்தப்போ நீயும் சேந்து பாத்தியே. அதாக்கும்."

யோசுவா வாய்விட்டு அழுதார். செல்லசாமி சமையல்காரரிடமிருந்து கொஞ்சம் தேங்காயெண்ணெய் வாங்கிவந்து, கோபம் தீராமலே அழுத்தித் தேய்த்தார். யோசுவா இத்தனை நாளும் வாங்கிய அதே கடை எண்ணெய்தான். அப்பம் கழன்றது.

"பிசினுக்கு எண்ணெ தந்தேன். மத்ததுக்கு நாளாவும்."

"ஆவட்டு" என்றார் யோசுவா. அப்பத்தை அங்கேயே நின்று தின்றார். பிறகு பந்திக்குத் திரும்பிப் போய், எல்லோரும் கேட்க, அன்று காணாமல்போன சக்கையைத் தின்றது தான்தான் என்றும், அப்பம் கையில் ஒட்டியதையும் சொன்னார்.

வேலி ஓலையைச் செல்லசாமி உடனே எடுக்கவில்லை. அடுத்த மழையில் அது தானாக இற்று விழுந்தபோது புதிது கட்டவுமில்லை. சபையில் யாரும் யோசுவாவை விசாரிக்கவில்லை. அதற்கடுத்த திருவிருந்து ஞாயிறன்று பலிபீடத்தின் அருகே ஒரு கிண்ணத்தில் தேங்காயெண்ணெய் இருந்தது. வைத்தது யாரென்று ஒருவரும் கேட்கவில்லை. முழங்காலிடும் முன் ஒவ்வொருவராக அதில் கையை முக்கினார்கள். முதலில் முக்கியவர் போதகர்.