காவேரி விலாசத்து மாடி

பிரகலாதனை யானையின் காலில் போடப் போகிறார்கள் என்று மேடையில் கட்டியக்காரன் சொன்னதும், மாடியில் இருந்தவர்களில் பாதிப் பேர் எழுந்து எட்டிப் பார்த்தார்கள். மாடிக்கு அடியில் நின்ற வானதியின் கைமேல் சுண்ணாம்புத் தூள் உதிர்ந்தது. கூடவே தலைக்கு மேலே மரம் முனகுகிற சத்தம். அவர்கள் உட்கார்ந்ததும் சத்தம் அடங்கிவிட்டது.

தஞ்சாவூர் காவேரி விலாசம் லேசுப்பட்ட அரங்கம் இல்லை. நாகப்பட்டினத்துக்குக் கப்பலில் வந்த பர்மா தேக்கில் மாடி கட்டி, பெரிய பெரிய நாடகக் கம்பெனிகள் மாதக்கணக்கில் தங்கி ஆடிய இடம். அப்புறம் சினிமாக் கொட்டகை ஆயிற்று. அதுவும் படுத்த பிறகு நெல் மூட்டை அடுக்கினார்கள். பூட்டிக் கிடந்ததைச் சீர்செய்து, இன்று சாயங்காலம்தான் இரணிய நாடகத்தோடு திறந்திருக்கிறார்கள். மாடி தாங்கும் என்று கையெழுத்துப் போட்ட இன்ஜினியர் வானதி. நாற்காலிக்கு நாற்காலி மணல் மூட்டை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் போட்டாள். இடித்துவிடலாம் என்றவர்களிடம், "எங்க அம்மாவையே முன்வரிசையில உக்கார வைக்கிறேன்" என்று சவடால் வேறு. சொன்னபடியே பூவம்மாள் மேலே கைப்பிடியை ஒட்டி உட்கார்ந்திருந்தாள்.

மணல் மூட்டை எழுந்து கும்பிடாது. இந்தச் சின்ன விஷயம் இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. நரசிம்மர் தூணைப் பிளந்து வரும்போது இந்த ஊரில் எவரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். மொத்தக் கூட்டமும் எழுந்து, முண்டியடித்து முன்னால் வந்து கையெடுக்கும். நினைவு தெரிந்த நாளிலிருந்து அவளும் அப்படி எழுந்தவள்தான். கணக்குப் போடும்போது மட்டும் அது எங்கே போயிற்றோ. அத்தனை பேரும் கைப்பிடிக்கு வந்தால் உத்திரம் நிற்காது.

மேடைக்குப் பின்னால் ஓடினாள். நரசிம்மராக ஆட விரதமிருந்த நெடுமாறனுக்குச் சாமி முகமூடியைக் கட்டி முடித்திருந்தார்கள். அவன் உறுமிக்கொண்டே திமிற, இடுப்பில் கட்டிய வடத்தை ஆட்கள் இழுத்துப் பிடித்திருந்தார்கள். விழாக்குழுத் தலைவர் பரணிதரனைத் தனியே அழைத்து விஷயத்தைச் சொன்னாள்.

"முகம் கட்டுனப்புறம் நிறுத்துறதாவது? சாமி வெளிய வந்தே ஆகணும்மா. மாடி விழப்போவுதுன்னு மைக்ல சொன்னா, படியில மிதிபட்டே செத்துருவாங்க."

அதுவும் உண்மைதான். பயம் காட்டினால் சாவார்கள், சாமியைக் காட்டினால் வருவார்கள் என்று வானதிக்குத் தோன்றியது.

"வரட்டுங்க ஐயா. ஆனா இங்க வேணாம், வாசல்ல வரட்டும்."

"தூணு?"

"வாசல் மண்டபத்துல கல்தூணு நிக்கிதே."

சாமி இன்று வாசல் தூணிலிருந்து வரப்போகிறது, மாடிக்கு அடியில் இருப்பவர்கள் முதலில் போகலாம், அடுத்து மாடிக்காரர்கள், முண்டினால் சாமி வராது என்று பரணிதரன் மைக்கில் சொன்னார். அவர் குரல் நடுங்கியது. பக்தி என்று நினைத்துக்கொண்டார்கள்.

வானதி படியடியில் நின்று ஒவ்வொருவரையும் இறக்கிவிட்டாள். ஒவ்வொரு காலடிக்கும் மேலே மரம் முனகியது. கடைசி ஆளும் இறங்கிவிட்டார். பூவம்மாளைக் காணவில்லை.

மேலே ஏறினாள். அம்மா அதே நாற்காலியில் இருந்தாள்.

"முட்டி வலிக்குதுடி. என்னால படி எறங்க முடியாது. சத்தம் கேட்டா போதும் எனக்கு."

"எந்திரிம்மா. மெதுவா வா."

"எதுக்கு பதறுற? நீதான தாங்கும்னு சொன்ன?"

ஊரே சந்தேகப்பட்டபோது ஒரு கேள்வியும் கேட்காமல் வந்து உட்கார்ந்தவள் இவள்.

"தப்பா சொல்லிட்டேம்மா. தாங்காது."

பூவம்மாள் கையை நீட்டினாள். அந்தக் கையைப் பிடிக்க வானதி முன்வரிசை வரை நடக்க வேண்டியிருந்தது. பலகை அசைவது பாதத்தில் தெரிந்தது. வெளியே உறுமல் கேட்டது. பூவம்மாளின் கைகள் தாமாகக் கும்பிடப் போயின. வானதி விடவில்லை, இறுகப் பிடித்துச் சுவரோரமாக இழுத்து வந்தாள். படியை மிதித்த நேரம், இத்தனை பேர் எழுந்து நடந்ததில் விட்டுப்போயிருந்த பலகை பின்னால் பிளந்து, அம்மாவின் நாற்காலி கீழே போய் விழுந்தது. வெளியே மேளச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

பூவம்மாள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். வாசலிலிருந்து பரணிதரனின் குரல் வந்தது.

"சாமிய வாசலுக்கு அழைச்ச யோசனை நம்ம வானதி இன்ஜினியரோடது. நாளைக்கும் ஆட்டம் உண்டு, எல்லாரும் குடும்பத்தோட வாங்க."

கூட்டம் கைதட்டியது. வானதி அசையாமல் நின்றாள். இந்த வாயை மூடிக்கொண்டால் பேர் இருக்கும், வேலை இருக்கும், அரங்கமும் இருக்கும்.

"என்கிட்ட சொன்னத அவங்ககிட்டயும் போய்ச் சொல்லு" என்றாள் பூவம்மாள்.

வானதி படியிறங்கினாள். கூட்டத்துக்குள் புகுந்து, பரணிதரன் தடுக்கத் தடுக்க மைக்கை வாங்கினாள்.

"மாடி தாங்காதுங்க. தாங்கும்னு கையெழுத்துப் போட்டது நான்தான்."

மேளம் நின்றது. சாமியைப் பார்த்துக் குவிந்திருந்த கைகள் ஒவ்வொன்றாக இறங்கின.